வைத்தியரும் ராஜதந்திரியும்

கதாபாத்திரங்களைத் தேடி நாவலாசிரியன் ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை, சரித்திரக் குறிப்புகளைப் புரட்டினாலே போதும் என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது. 1851-ஆம் வருஷம் ஜூலை மாதம் பாரிஸ் நகரத்தில் கூடிய சர்வதேச சுகாதார மகாநாட்டைப் பற்றிப் படித்தபோதும் அப்படித்தான் தோன்றியது.

12 ராஜ்யங்கள் அதில் கலந்துகொண்டன. பிரிட்டன், ருஷியா, துருக்கி, ஏன், போப்பாண்டவரின் ராஜ்யங்கூட உண்டு. ஒவ்வொன்றுக்கும் பிரதிநிதிகள் இருவர்: ஒருவர் வைத்தியர், மற்றவர் ராஜதந்திரி. இருவருக்கும் தனித்தனி வோட்டு! ஒரே தேசத்து வைத்தியர் ஒரு பக்கமும் ராஜதந்திரி மறு பக்கமும் கை தூக்கலாம்.

அவர்களைக் கூட்டி வைத்தது காலரா. 1832-ல் பாரிஸில் மட்டும் சுமார் 18,000 பேரை அது வாரிக்கொண்டு போயிருந்தது. பயந்துபோன துறைமுகங்கள் கப்பல்களை இஷ்டம்போல் நிறுத்தி வைத்தன. ஓர் ஊரில் சில நாள், அடுத்த ஊரில் வாரக் கணக்கு. சரக்கு அழுகியது, வட்டி ஏறியது. ஆகவே உயிரைப் பற்றிய கவலையோடு, உண்மையைச் சொன்னால் அதைவிடச் சற்று அதிகமாகவே, வியாபாரக் கவலையும் அந்த மண்டபத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

காலரா தொற்று வியாதியா, இல்லையா? ஆறு மாதம் பேசினார்கள். கப்பல் மிகுந்த பிரிட்டனின் வைத்தியருக்கு அது தொற்றாது என்று பட்டது. ஆஸ்திரிய வைத்தியரும் அதே கட்சி. விஞ்ஞானம் இப்படித் துறைமுகத்தைப் பார்த்துப் பேசுவது நமக்கு வேடிக்கையாக இருக்கலாம், சாகிறவனுக்கு வேடிக்கையா? கடைசியில் ஒப்பந்தத்தை ஊர்ஜிதம் செய்தவை 3 ராஜ்யங்கள். அவற்றில் இரண்டு 1865-ல் கழன்றுகொண்டன.

இதற்குள் விடை கிடைத்துவிட்டது. 1854-ல் பிளாரன்ஸ் நகரத்துப் பாசினி காலராக் கிருமியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதி வைத்தார், சீந்துவாரில்லை. அதே வருஷம் லண்டனில் ஜான் ஸ்நோ, வியாதி பம்புத் தண்ணீரில் வருவதை வீடு வீடாகக் கணக்கெடுத்துக் காட்டினார். 1884-ல் ஜெர்மானியரான ராபர்ட் காக் கல்கத்தாவுக்கே வந்து, குளத்து நீரில் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்.

மறு வருஷம் ரோமாபுரியில் மகாநாடு. காக்கே பிரதிநிதியாக வந்து உட்கார்ந்திருக்கிறார். பிரிட்டிஷ் தரப்பு என்ன செய்தது தெரியுமா? காலராவுக்குக் காரணம் என்ன என்ற தத்துவ விசாரணையே இங்கு கூடாது என்று தடுத்துவிட்டது! சூயஸ் கால்வாயில் போய் வந்த கப்பல்களில் பெரும்பாலானவை யாருடையவை என்பதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இப்படி ஒரு காட்சியை நான் நாவலில் எழுதினால் பத்திராதிபர் நம்பமாட்டார். நம் தேசத்தில் லட்சக்கணக்கில் மடிந்தவர்களுக்காகப் பேச அங்கே யாருமில்லை. இந்தியாவின் பெயரால் போயிருந்தவர்களும் வெள்ளைக்காரர்களே.

நிலைத்து நின்ற முதல் ஒப்பந்தம் 1892-ல் வெனிஸ் நகரத்தில் அமைந்தது. 41 வருஷம்! அதுவும் சூயஸ் வழி வரும் கப்பல்களுக்கு மட்டும். 1948-ல் உலக சுகாதார ஸ்தாபனம் பிறந்தது. கோவிட் உலகத்தை உலுக்கிய பிறகு, 2025 மே மாதம் ஜினீவாவில் கொள்ளைநோய் ஒப்பந்தம் ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள். கிருமியின் மாதிரியைக் கொடுக்கும் தேசத்துக்கு, அதிலிருந்து பிறக்கும் தடுப்பு மருந்தில் என்ன பங்கு என்ற விஷயத்தை மட்டும், தனி அனுபந்தமாகப் பின்னால் பேசிக்கொள்வதென்று தள்ளி வைத்தார்கள்.