அலைக்கு உரித்தாளர் யார்? - அறுகம்பையும் உலகின் 'இரகசிய'க் கரைகளும்

பொத்துவில் நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவில், களப்பின் மீதான பாலத்தைக் கடந்தால் உல்லை என்ற கடலோரக் கிராமம் வரும். உலகம் அறிந்த பெயர் அறுகம்பை. சேர்ஃபிங் எனப்படும் அலைச்சறுக்கு விளையாட்டுக்கு மிகச் சிறந்த கரைகளை வரிசைப்படுத்தும் பட்டியல்கள் பலவற்றில் இக்குடாவும் இடம்பெறுவதுண்டு. 1970களில் இங்கு வந்துசேர்ந்த மேலைநாட்டு இளைஞர்கள் இதனை ஓர் 'இரகசிய இடம்' என்றே தமக்குள் பேசிக்கொண்டார்கள்.

இந்த 'இரகசியம்' என்ற சொல்லைச் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. யாருக்கு அது இரகசியம்? உல்லையின் கடற்றொழிலாளருக்கு அந்த அலை தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த ஒன்று. எந்த மாதத்தில் அது உயரும், எந்தப் பாறையில் மோதி எத்திசையில் உடையும், எந்த இடத்தால் தோணியை வெளியே தள்ளலாம் என்பவற்றை அறியாதவன் அங்கு தொழில் செய்ய முடியாது. வந்தவர்களுக்குத் தெரியாதிருந்த ஒன்றே இரகசியம் எனப்பட்டது. பிற்காலத்தில் உலகின் பல கரைகளிலும் உள்ளூரவருக்கும் வந்தவருக்கும் இடையே மூண்ட பிணக்குகளின் வித்து இந்தச் சொல்லிலேயே இருக்கிறது என்பது எனது கருத்து.

முதலில் அலையின் இயல்பைப் பார்ப்போம். தென் சமுத்திரத்தின் தொலைதூரப் புயல்கள் எழுப்பும் அலைத்தொடர்கள் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பயணம் செய்து, ஏப்ரல் மாதத்துக்கும் ஒக்டோபருக்கும் இடையில் எமது தென்கிழக்குக் கரையை வந்தடைகின்றன. அறுகம்பையின் தென்முனையில் உள்ள பாறைத் தரையில் அவை வளைந்து, ஒரே சீராக வலப்புறமாக நீளத்துக்கு உடைகின்றன. அதே காலத்தில் வீசும் கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலையின் முகம் குலையாமல் நிமிர்ந்து நிற்கிறது. அலைச்சறுக்குவோர் தேடுவது இத்தகைய அலையைத்தான்.

ஆனால், அந்தத் தென்முனை செய்கின்ற வேலை அத்துடன் முடிந்துவிடுவதில்லை. தன் மறைவில் உள்ள குடாவின் மூலையை அது அமைதியாக வைத்திருக்கிறது. வள்ளங்கள் கரையேறுவதற்கு ஏற்ற இடம் அந்த மூலையே. வாடை பெயர்ந்து கிழக்குக் கடல் தணிந்திருக்கும் அந்த மாதங்களே கடற்றொழிலுக்கும் உகந்தவை. ஆக, ஒரே முனை, ஒரே பருவம், ஒரே மணற்பரப்பு. இரு சாராருக்கும் அவசியமானவை ஒன்றாகவே அமைந்துவிட்டன. இங்கு தோன்றிய பிணக்கை எவருடைய தீய குணத்தாலும் விளக்க வேண்டியதில்லை. பூகோளமே அதற்குப் போதுமான காரணத்தை வைத்திருக்கிறது.

இரகசிய இடங்கள் பகிரங்கமான விதம் உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். முதலில் ஓரிருவர் வருவார்கள். பிறகு ஒரு புகைப்படம், ஒரு திரைப்படம். பாலித் தீவின் உலுவாத்து கரையில் 1971இல் படமாக்கப்பட்ட காட்சிகள், 1972இல் வெளியான 'மோர்னிங் ஒஃப் த ஏர்த்' என்ற அவுஸ்திரேலியப் படத்தின் மூலம் உலகைச் சுற்றின. பல நூற்றாண்டுப் பழைமை வாய்ந்த இந்துக் கோயிலொன்றின் அடிவாரத்தில் இருந்த அந்தக் கரை அதன் பிறகு முன்போல இருக்கவில்லை. 1975இல் சுமாத்திராவுக்கு அருகே நியாஸ் தீவின் லகுந்திரி குடாவுக்கும் அதே கதைதான். இரகசியத்தைக் காப்பதாகச் சொன்னவர்களே, பெயரைக் குறிப்பிடாமல் படத்தை மட்டும் சஞ்சிகைகளில் வெளியிட்டு ஆவலைத் தூண்டினார்கள். சில வருடங்களில் முதலில் வந்தவர்கள் பின்னால் வந்தவர்களைப் பார்த்து 'கூட்டம் பெருகிவிட்டது' என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். கிராமத்தவரின் கண்ணில் இரு பிரிவினரும் வந்தவர்களே.

இந்தப் பிணக்கின் மூத்த வரலாறு ஹவாய் தீவுகளுக்கு உரியது. அலைமீது பலகையில் நின்று செல்லும் கலை அத்தீவு மக்களின் பண்பாட்டுச் சொத்து. அரசர்களும் பெண்களும் பொதுமக்களும் அதில் ஈடுபட்டிருந்தார்கள். 1778இல் கப்டன் குக் அங்கு சென்றதன் பின்னர் பரவிய நோய்களால் மக்கள் தொகை பெருமளவு வீழ்ந்தது. 1820இல் மிஷனரிமார் வந்தார்கள். 1893இல் முடியாட்சி கவிழ்க்கப்பட்டது. 1898இல் தீவுகள் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டன. அதற்குப் பத்து வருடங்களின் பின்னர், 1908இல், அலெக்ஸாண்டர் ஹியூம் ஃபோர்ட் என்பவரின் முயற்சியால் வைகிக்கி கரையில் அலைச்சறுக்குக் கழகம் ஒன்று அமைக்கப்பட்டபோது, அதன் அங்கத்தவர்களில் பெரும்பாலானோர் வெள்ளையர்களாக இருந்தார்கள். இதற்கு மறுமொழியாகவே, பிற்காலத்தில் ஒலிம்பிக் நீச்சல் வீரராகப் புகழ்பெற்ற டியூக் கஹனமோகு உள்ளிட்ட சுதேசிகள் 'ஹூயி நாலு' என்ற தமது கழகத்தை 1911இல் முறைப்படி நிறுவினார்கள். தமது மூதாதையர் உருவாக்கிய விளையாட்டில் தமக்கென ஓரிடம் கோரிக் கழகம் அமைக்க வேண்டிய நிலை அம்மக்களுக்கு ஏற்பட்டது.

1970களின் நடுப்பகுதியில் இக்காயம் மீண்டும் திறந்தது. ஒவாஹு தீவின் வடகரையில் தொழில்முறைப் போட்டிகள் பெருகின. அவுஸ்திரேலிய, தென்னாபிரிக்க இளைஞர்கள் பரிசுகளை வென்றதோடு நில்லாமல், தமது வெற்றியைப் பெருமையாகப் பேசியும் எழுதியும் வந்தார்கள். அவர்களுள் ஒருவரான வெய்ன் 'ராபிட்' பார்தோலோமியு 1976இல் திரும்பி வந்தபோது கடலிலேயே தாக்கப்பட்டார். ஹவாய் மக்களின் மதிப்புக்குரிய உயிர்காப்பாளர் எடி ஐகாவ் நடுவில் நின்று இரு சாராரையும் ஒரே கூடத்தில் அமர்த்திப் பேசவைத்திராவிட்டால் விபரீதம் நேர்ந்திருக்கக்கூடும். (அந்த நல்ல மனிதர் 1978 மார்ச்சில், கவிழ்ந்த 'ஹோகுலேயா' படகின் தோழர்களுக்கு உதவி தேடிப் பலகையில் புறப்பட்டுக் கடலோடு மறைந்தார்.) அக்காலத்தில் தோன்றிய 'ஹூயி ஓ ஹெஎ நாலு' என்ற உள்ளூர் அமைப்பினரே பின்னாளில் அப்போட்டிகளின் நீர்ப் பாதுகாப்புப் பணியில் அமர்த்தப்பட்டனர். கரையில் ஒரு பங்கு கிடைத்ததும் கடலில் மோதல் தணிந்தது என்பது இங்கு கவனத்துக்குரியது.

இதற்கு நேரெதிரான உதாரணம் கலிபோர்னியாவில் உண்டு. லொஸ் ஏஞ்சலஸ் நகருக்குத் தெற்கே பாலோஸ் வேர்டெஸ் எஸ்டேட்ஸ் என்ற செல்வந்தர் குடியிருப்பின் அடியில் லுனாடா குடா இருக்கிறது. அங்கே வெளியாரை விரட்டியவர்கள் நிலமிழந்த சுதேசிகள் அல்லர். பெறுமதிமிக்க வீடுகளின் சூழலில் வளர்ந்தவர்கள். கல்லெறிதல், வாகனங்களுக்குச் சேதம் விளைவித்தல், மிரட்டல் எனப் பல தசாப்தங்களாக முறைப்பாடுகள் எழுந்தன. கரையில் அனுமதியின்றிக் கட்டப்பட்டிருந்த அவர்களுடைய கல் அரண் 2016இன் இறுதியில் அகற்றப்பட்டது. அதே வருடம் தொடங்கிய வழக்குகளின் நெடும்பயணத்தில், 2024இல் நகர நிர்வாகம் இணக்கத்துக்கு வந்து, பொதுமக்கள் அக்கரைக்குச் செல்வதற்கான வசதிகளை மேம்படுத்த உடன்பட்டது. 'உள்ளூரவர்' என்ற சொல் எப்பொழுதும் நலிந்தவரைக் குறிப்பதில்லை என்பதற்கு இது சான்று.

இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடையில் வைத்தே எமது அறுகம்பையை நான் பார்க்கிறேன். எனது பத்திரிகைப் பணிக்காலத்தில் அப்பெயர் ஆசிரியபீடத்துக்கு வந்த வழிகளை எண்ணிப் பார்த்தால், விளையாட்டுச் செய்தியாக வந்தது மிகக் குறைவு. யுத்தச் செய்தியாக வந்தது. பேரலைச் செய்தியாக வந்தது. காணிப் பிணக்காக வந்தது. கடைசியில் பாதுகாப்பு எச்சரிக்கையாக வந்தது.

யுத்த காலம் அக்கரையை ஒருவகையில் உறைய வைத்திருந்தது. பெருமுதலீடுகள் அஞ்சி ஒதுங்கின. துணிந்து வந்த சில வெளிநாட்டவர் உள்ளூர்க் குடும்பங்களின் ஓலைக் குடில்களில் தங்கினார்கள். முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் அச்சிறு வருமானத்தில் பங்குபெற்றார்கள். 2002 யுத்த நிறுத்தத்தின் பின் கூட்டம் பெருகத் தொடங்கிய வேளையில், 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தது.

அலை திரும்பிச் சென்றபின் வந்த சட்டம் மற்றோர் அலையாயிற்று. வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றர், தெற்கு மேற்கில் 100 மீற்றர் வரை கட்டடங்களுக்குத் தடை என அரசாங்கம் அறிவித்தது. பாதுகாப்புக்கான ஏற்பாடு என்று சொல்லப்பட்டாலும், வாடிகளை இழந்த கடற்றொழிலாளர் அவ்விடங்களில் மீளக் கட்ட முடியாதிருக்க, அதே அறுகம்பைக்கு உல்லாசத்துறையை மையமாகக் கொண்ட பெரும் அபிவிருத்தித் திட்டம் 2005இல் வரையப்பட்டது. கனேடிய எழுத்தாளர் நயோமி கிளைன் 2007இல் வெளியிட்ட 'தி ஷொக் டொக்ரின்' நூலில் இதற்கென ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கினார். தடை எல்லை பிற்பாடு தளர்த்தப்பட்டது. திட்டமும் வரைந்தபடி நிறைவேறவில்லை. ஆயினும் கரை தம்முடையது என்ற நம்பிக்கையில் அன்று விழுந்த விரிசல் இலகுவில் மூடவில்லை.

யுத்தம் முடிந்து ஒரு வருடத்தின் பின்னர், தெற்கே பாணமையில் நடந்ததையும் இங்கு சொல்லியாக வேண்டும். தமிழ், சிங்கள மரபுகள் கலந்து வாழும் பழைய கிராமம் அது. 2010 ஜூலையில் ராகம்வெல, சாஸ்திரவெல உள்ளிட்ட கரையோரக் காணிகளிலிருந்து ஏறத்தாழ 350 குடும்பங்கள் ஆயுதபாணிகளால் விரட்டப்பட்டன. பின்னர் அக்காணிகளில் படைமுகாம்களும் உல்லாச விடுதியும் எழுந்தன. காணியின் பெரும்பகுதியை விடுவிக்க 2015 பெப்ரவரியில் அமைச்சரவை தீர்மானித்தும் நடைமுறை இழுபட, 2016இல் மக்கள் தாமாகவே ராகம்வெலவுக்குள் பிரவேசித்தார்கள். அங்கே கரையைப் பறித்தது பலகையோடு வந்த வெளிநாட்டு இளைஞன் அல்லன் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மறுபுறத்தில், உல்லையின் பிள்ளைகள் விருந்தாளிகள் விட்டுச்சென்ற உடைந்த பலகைகளில் பழகி, பயிற்றுநர்களாகவும் போட்டியாளர்களாகவும் வளர்ந்தார்கள். 2018இல் நாட்டின் முதலாவது பெண்கள் அலைச்சறுக்குக் கழகம் அங்கேயே தோன்றியது. 2019இல் உலக அலைச்சறுக்குச் சங்கத்தின் தகுதிகாண் போட்டி ஒன்று அங்கு நடைபெற்றது. வந்தவரின் விளையாட்டு இருப்பவரின் தொழிலாயிற்று. எனவே 'வெளியாரே வெளியேறுங்கள்' என்பது அக்கிராமத்தின் ஒருமித்த குரலாக இருக்க முடியாது.

ஆயினும் மனத்தாங்கல் வளர்ந்தே வந்திருக்கிறது. உல்லாசப் பயண விசாவில் வந்தவர்கள் தாமே விடுதியும் உணவகமும் பயிற்சிப் பாடசாலையும் நடத்துகிறார்கள் என்ற முறைப்பாடு கிழக்கிலும் தெற்கிலும் எழுந்தது. 2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் வெள்ளையருக்கு மட்டும் எனப் பொருள்படும்படி விளம்பரம் செய்யப்பட்ட களியாட்ட நிகழ்வு, கடும் கண்டனத்தின் பின் கைவிடப்பட்டது. சொந்த நாட்டின் கடற்கரையில் நிறத்தின் பெயரால் கதவடைப்பதா என்று மக்கள் கேட்டது நியாயமே. அதே வருடம் ஒக்டோபர் 23ஆம் திகதி, அறுகம்பையில் தாக்குதல் நடத்தப்படலாம் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தது. இஸ்ரேல் தனது பிரஜைகளை அங்கிருந்து வெளியேறுமாறு கேட்டது. விசேட அதிரடிப்படை குவிக்கப்பட்டது. சிலர் கைது செய்யப்பட்டனர். காஸா யுத்தத்தின் நிழல், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பொத்துவில் பிரதேசத்தின் சிறு கிராமமொன்றில் வந்து விழுந்தது.

இங்கேதான் நிதானம் தேவைப்படுகிறது. உரிமம் இல்லாத வியாபாரம், கரையின் ஆக்கிரமிப்பு, உள்ளூர் வழக்கங்களை அவமதித்தல் என்பன நியாயமான குறைகள், சட்டத்தால் தீர்க்கக்கூடியவை. ஒருவரின் தேசத்தையும் மதத்தையும் பார்த்து அவரை இலக்காக்குவது குற்றம். முதலாவதைத் தீர்க்காமல் விட்டால் அது இரண்டாவதற்கு எரிபொருளாகும். ஹவாய் அனுபவமும் அதையே சொல்கிறது.

கடலில் ஒழுங்கு இல்லை என்று எவரும் எண்ண வேண்டாம். எமது கரைவலைக் கிராமங்கள் பலவற்றில் 'பாடு' என்ற ஏற்பாடு உண்டு. இன்ன இடத்தில் இன்னார் இன்ன முறையில்தான் வலை போடலாம். அலைச்சறுக்குவோருக்கும் எழுதாத விதி ஒன்று உண்டு. அலை உடையும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை; மற்றவர் விலகிக் காத்திருக்க வேண்டும். ஒருவரையொருவர் அறியாத இரு சமூகங்கள் பொதுவான கடலைப் பங்கிட்டுக்கொள்ள ஒரேவிதமான தீர்வுக்கு வந்திருக்கின்றன. முறை தவறாமல் காத்திருப்பவன் அந்நியனாயினும் அவனுக்கும் ஓர் அலை கிடைக்கும்.

தரையில்தான் அந்த முறை இல்லாமற் போயிற்று. தலைமுறையாகக் குடியிருந்தும் உறுதிப்பத்திரம் இல்லாதவன், பணத்தோடு வருபவனுக்கும் அதிகாரத்தோடு வருபவனுக்கும் பின்னால் நிறுத்தப்படுகிறான். வள்ளம் ஏற்றும் கரைக்கு வரையறுக்கப்பட்ட பாதுகாப்பு, குடியிருப்போரின் காணிக்கு உறுதி, வியாபாரத்துக்கு எந்நாட்டவருக்கும் பொதுவான ஒரே சட்டம் ஆகிய மூன்றும் கிடைத்தால், வருகின்ற கூட்டத்தைக் கண்டு உல்லை மக்கள் அஞ்ச வேண்டியிராது. அவை கிடைக்காத வரை ஒவ்வொரு கச்சான் பருவத்திலும் அலையோடு சேர்ந்து அந்தப் பிணக்கும் அக்கரைக்கு வந்துகொண்டே இருக்கும்.