ஆழ்வார்திருநகரியின் பேக்கப் கதை

போன மாசம் ஆபீசில் ஒரு சின்ன டேட்டாபேஸை அமேசான் ஆர்டிஎஸ்ஸில் ஏற்ற வேண்டியிருந்தது. எந்த அடுக்கு எடுப்பது? ஒரே மெஷினில் ஓடும் மலிவானதா, இன்னொரு டேட்டா சென்டரில் உடனுக்குடன் நகல் வைக்கும் ‘மல்டி ஏஇசட்’டா? இரண்டாவதற்குச் செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பு. வாக்குவாதத்துக்கு நடுவில் எனக்கு ஆழ்வார்திருநகரி ஞாபகம் வந்தது.

நம்மாழ்வார் பாடல்களே தொலைந்துபோய்த் திரும்பக் கிடைத்த ஊர் அது, வைணவக் குருபரம்பரைக் கதைப்படி. காட்டுமன்னார்கோயில் நாதமுனிகள் யாத்திரிகர்கள் பாடிய ஒரு பதிகத்தைக் கேட்கிறார். ஆயிரத்தில் இது பத்து என்று கடைசிப் பாட்டு சொல்கிறது. மிச்சம் எங்கே? பாடியவர்களுக்குத் தெரியாது. குருகூர் வந்து, அங்கே பிழைத்திருந்த மதுரகவியாழ்வாரின் 11 பாட்டை 12,000 தடவை ஓதுகிறார், நாலாயிரமும் கிடைக்கிறது.

அற்புதத்தை நம்புவது அவரவர் இஷ்டம். நான் கவனித்தது அந்தக் கணக்கை. எத்தனை வரிசை இருக்கணும் என்பது டேட்டாவுக்குள்ளேயே எழுதியிருக்கிறது! போதாததற்குத் திருவாய்மொழி 1,102 பாசுரமும் அந்தாதி. நடுவில் ஒன்று விழுந்தால் சங்கிலி அறுந்தது தெரிந்துவிடும்.

கிடைத்ததை நாதமுனிகள் இசையமைத்து இரண்டு மருமகன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அரையர்கள் தங்கள் மரபை அவர்களிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி என்று அரையர் சேவை இன்றும் நடக்கிறது. மல்டி ஏஇசட்டேதான்.

அதே ஊரில் மலிவான அடுக்கும் இருந்தது. உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டு ஏடு தேடி இங்கே லட்சுமண கவிராயர் வீட்டுக்கு வந்தார். வீடு நிறைய சுவடி. தேடியது மட்டும் இல்லை. கடைசியில் கவிராயரின் உறவினர் வீட்டிலிருந்து வந்து சேர்ந்தது. 1889-ல் பத்துப்பாட்டு அச்சேறியது. பாட யாரும் இல்லாவிட்டாலும் ஏடு பொறுமையாகக் காத்துக்கிடந்தது, பாருங்கள்.

அங்கேதான் எனக்குத் தெளிந்தது. பாடுபவர் மாற்று, ஏடு பேக்கப். இரண்டும் வேற வேற வேலை. மல்டி ஏஇசட்டில் ஒருத்தர் தப்பாக டெலீட் அடித்தால் அந்த டெலீட்டும் அப்படியே நகலாகிவிடும். பழைய நேரத்துக்குத் திரும்ப பேக்கப்தான் வேணும். ஆர்டிஎஸ் தானாக எடுப்பது அதிகபட்சம் 35 நாள் இருக்கும்.

எங்கள் டேட்டாபேஸ் ஒரு மணி நேரம் நின்றால் குடி முழுகாது. தொலைந்தால் முழுகும். மலிவான அடுக்கையே எடுத்தோம், 35 நாள் பேக்கப்போடு. அதைத் தனியாக ஓரிடத்தில் மீட்டுப் பார்த்த அன்று முதலில் செய்தது, வரிசைகளை எண்ணியது.