குசினியில் ஒரு சுவடிக்கூடம்: நமது காலையுணவின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

புலம்பெயர்ந்த நமது கூட்டங்களிலும் கலைவிழா உரைகளிலும் அடிக்கடி கேட்கிற குரல் ஒன்று உண்டு. பிள்ளைகள் பிட்டையும் இடியப்பத்தையும் மறந்து, காலையில் பாணும் சீரியலும் தின்கிறார்கள். நமது பண்பாடு அழிகிறது என்பதே அக்குரல். இதை எள்ளிநகையாடுவது என் நோக்கமல்ல. அதற்குள் உண்மையானதோர் இழப்புணர்வு இருக்கிறது. ஆயினும் அதன் அடியில் ஒரு வரலாற்றுக் கருதுகோளும் மறைந்திருக்கிறது. பிட்டு நமது, பாண் அந்நியம். ஊரில் இருந்தது மாறாத பழமை, மாற்றம் இங்கே வந்தபின் நேர்ந்தது. இக்கருதுகோளைச் சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் முயற்சி. நாம் போரையும் அரசியலையும் பற்றி நிறையவே எழுதியிருக்கிறோம். காலையில் என்ன தின்றோம், அதை யார் செய்தார்கள் என்பது பற்றி எழுதியது மிகக் குறைவு.

1. சொற்கள் சொல்வது

யாழ்ப்பாணத்து வீட்டில் சமைக்கும் இடத்துக்குப் பெயர் குசினி. அது போர்த்துக்கீசச் சொல். மேசை, கதிரை, அலுமாரி, பாண், விசுக்கோத்து ஆகியனவும் அவ்வழி வந்தவையே. போர்த்துக்கீசர் 1505இல் இலங்கைக் கரையை அடைந்தனர். 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் அவர்கள் கைக்குப் போயிற்று. 1658இல் அது ஒல்லாந்தரிடம் சென்றது. ஒல்லாந்தரின் சிறு இனிப்புப் பண்டத்தின் பெயரே சிங்களப் புத்தாண்டு மேசையில் கொக்கிஸ் ஆனது. இன்று அதைவிடப் பாரம்பரியமான பலகாரம் வேறில்லை என்று சிங்கள மக்கள் கருதுமளவுக்கு அது ஊன்றிவிட்டது. ஆகவே 'அந்நியம்' என்பது ஒரு பண்டத்தின் நிலையான குணமல்ல; அது எத்தனை தலைமுறைக்கு முன் வந்தது என்பதைப் பொறுத்த விடயம்.

நத்தார் கேக்கும் அத்தகையதே. அதன் வடிவம் பிரித்தானியருடையது. உள்ளடக்கமோ இலங்கைத் தீவினுடையது. கோதுமை மாவுக்குப் பதில் றவை. அதனுடன் கஜு, நாம் பிளம்ஸ் என்று சொல்லும் முந்திரிகை வற்றல், சீனிப்பாகில் இட்ட நீற்றுப்பூசணி, இஞ்சி, கறுவா, ஏலம், பன்னீர். 1929இல் முதலில் வெளிவந்து, ஹில்டா டொய்ட்றம் பதிப்பித்த சிலோன் டெய்லி நியூஸ் சமையல் நூல் இத்தகைய செய்முறைகளைக் கொழும்பின் ஆங்கிலம் படித்த குடும்பங்களிடையே பரப்பியது. யாழ்ப்பாணத்திலோ கிறிஸ்தவ வீடுகளில் மட்டுமன்றி, திருநீறு பூசும் வீடுகளிலும் கலியாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் கேக் வெட்டுவது வழக்கமாயிற்று. ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும், பிறந்தநாளுக்குக் கேக்கும் என்பதில் யாரும் முரண்பாடு கண்டதில்லை.

பாணுக்கு இன்னொரு முகமும் உண்டு. வீட்டுக் குசினி சாதியால் காவல் செய்யப்பட்ட இடம். தேநீர்க்கடைகளிலும் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனிக் குவளை, அல்லது போத்தல். 1960களின் பிற்பகுதியில் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடந்தது இதனால்தான். யார் வீட்டுக் குசினியிலும் சமைக்கப்படாத, காசு கொடுத்தால் எவர் கைக்கும் ஒரே அளவில் வந்த உணவு பாண். காலையுணவில் சமத்துவம் பற்றிப் பேசுவோர் இதைக் கவனத்திற்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

2. கப்பலில் வந்த மா

நமது முன்னோரின் காலையுணவு பெரும்பாலும் பழஞ்சோறு. வசதிக்கேற்பக் குரக்கன், ஒடியல், தினை, சாமை. அரிசிமாப் பிட்டும் இடியப்பமும் உரலில் இடித்து, அரித்து, வறுத்துச் செய்யவேண்டியவை. அதாவது ஒரு பெண்ணின், அல்லது கூலிக்கு இடித்த இன்னொரு பெண்ணின், பல மணிநேர உழைப்பு. அவை எல்லா வீட்டிலும் எல்லா நாளும் இருந்திருக்க முடியாது.

இந்நிலையை மாற்றியது போர். இலங்கை தனது அரிசியில் பெரும்பகுதியை இறக்குமதி செய்தது. அதில் பர்மாவின் பங்கு முதன்மையானது. 1942இல் யப்பான் பர்மாவைக் கைப்பற்றியதும் அவ்வழி அடைபட்டது. பங்கீடு வந்தது. அரிசியின் இடத்தைக் கோதுமை மா நிரப்பத் தொடங்கியது. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். ஒரு கொத்து அரிசி ஓர் ஆட்சித்தலைவரை வீழ்த்தலாம் என்று கண்ட ஆளும்வர்க்கத்துக்கு, மலிவான மா ஓர் அரசியல் தேவையாகவும் ஆனது.

1954இல் ஐக்கிய அமெரிக்கா தனது உபரித் தானியத்தை வெளிநாடுகளுக்கு அனுப்பும் பொதுச்சட்டம் 480ஐ நிறைவேற்றியது. நமது மூத்தோர் கோதுமை மாவை 'அமெரிக்கன் மா' என்று அழைத்தது ஏன் என்று கேட்டால், விடை இந்தச் சட்டத்தின் அருகில் இருக்கிறது. ஆனால் அமெரிக்கா மட்டுமல்ல. 1950 சனவரியில் கொழும்பில் கூடிய பொதுநலவாய வெளியுறவு அமைச்சர்கள் மாநாட்டிலிருந்து கொழும்புத் திட்டம் பிறந்தது. அத்திட்டத்தின்கீழ் கனடாவும் இலங்கைக்குக் கோதுமை மாவை உதவியாக அனுப்பியது. அம்மாநாட்டில் கனடாவின் சார்பில் அமர்ந்திருந்தவர் லெஸ்ரர் பியர்சன். நம்மிற் பலர் அகதிகளாக வந்திறங்கிய ரொறன்ரோ விமான நிலையம் 1984 முதல் அவர் பெயரையே தாங்குகிறது. நாம் கனடாவுக்கு வருமுன்பே கனடா நமது குசினிக்கு வந்துவிட்டிருந்தது.

1980இல் திருகோணமலைத் துறைமுகத்தில் சிங்கப்பூரின் பிறிமா நிறுவனத்தின் மாவாலை இயங்கத் தொடங்கியது. அதன்பின் கோதுமை கப்பலில் மணியாக வந்து உள்நாட்டிலேயே மாவானது. விளைநிலம் மட்டும் எப்போதும் கடலுக்கு அப்பால். 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது பாணின் விலை சில மாதங்களுக்குள் இரட்டிப்புக்கு மேல் ஏறியதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

3. அவித்த மா

இனி நான் முக்கியமெனக் கருதும் விடயத்துக்கு வருகிறேன். கோதுமை மாவை நேரடியாக நீர்விட்டுக் குழைத்தால் அதிலுள்ள குளூட்டன் என்ற புரதம் இழுபட்டுப் பசையாகும். பாணுக்கு அதுவே வேண்டும். புளிக்கும்போது எழும் காற்றைப் பிடித்துவைத்து மாவை உப்பச்செய்வது அந்தப் பசைதான். ஆனால் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் அது எதிரி. பிட்டு உதிராது, உரலில் இடியப்பம் பிழியவராது.

நமது பெண்கள் என்ன செய்தார்கள்? கோதுமை மாவைத் துணியில் முடிந்து நீராவியில் அவித்தார்கள். ஆறுமுன் கட்டிகளை உடைத்து அரித்தார்கள். அவித்ததில் புரதத்தின் பிடி தளர்ந்து, கோதுமை மா அரிசிமாவைப்போல் நடக்கத் தொடங்கியது. வறுத்த அரிசிமா இருந்தால் அதிற் கொஞ்சம் கலந்து, உப்பிட்டு, கொதிநீர் விட்டு அகப்பைக் காம்பாற் கிளறி, பேணி விளிம்பாற் கொத்தி, தேங்காய்ப்பூ சேர்த்து நீற்றுப்பெட்டியில் அவித்தால் பிட்டு. அதே மாவை உரலிலிட்டுப் பிழிந்தால் இடியப்பம். இடிக்கும் வேலை இல்லை. மா ஏற்கெனவே அரைபட்டு வந்தது. அந்த மா இவ்வளவு விரைவாக நிலைபெற்றதற்கு மலிவு மட்டுமன்றி, உலக்கையிலிருந்து கிடைத்த இந்த விடுதலையும் காரணம் எனலாம்.

இதன் மறுபக்கம் கனடாவில் இருக்கிறது. ஒட்டாவாவில் சார்ள்ஸ் சாண்டர்ஸ் தேர்ந்தெடுத்து, 1909 அளவில் விவசாயிகளிடம் சேர்ந்த 'மார்க்கீ' என்ற கோதுமையினம் 1920களில் பிரெய்ரி வயல்களின் பெரும்பகுதியை நிறைத்தது. சீக்கிரம் விளைவதும், நல்ல பாண் தரும் வலிய புரதமும் அதன் சிறப்பு. அதன் பெற்றோரில் ஒன்று ஒன்ராறியோவில் பரவிய 'ரெட் ஃபைஃப்'. மற்றது 'ஹார்ட் ரெட் கல்கத்தா' என்ற இந்தியக் கோதுமை. ஆக, இந்திய விதையொன்று கனடிய மண்ணிற் கலந்தது. அந்த மரபில் வந்த கனடியக் கோதுமை மாவாகிக் கடல் கடந்து யாழ்ப்பாணத்துக்கும் சேர்ந்தது. விஞ்ஞானிகள் ஆண்டுக்கணக்கில் உழைத்து வளர்த்த அதன் வலிமையை, நமது தாய்மார் ஒரு துண்டுத் துணியும் ஒரு பானைக் கொதிநீரும் கொண்டு அடக்கித் தம் வழிக்குக் கொண்டுவந்தார்கள். மார்க்கீயைத் தந்தவருக்குச் 'சேர்' பட்டம் கிடைத்தது. அவித்த மாவைக் கண்டவளின் பெயர் நமக்குத் தெரியாது.

நாம் 'மாறாத பழமை' என்று கொண்டாடும் பிட்டில் பெரும்பகுதி, இந்த இருபதாம் நூற்றாண்டுப் பிட்டுத்தான்.

4. தடைக்காலம்

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டின்மீது விழுந்த பொருளாதாரத் தடையை இவ்விதழின் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. அப்போது நான் பல்கலைக்கழக மாணவன். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் தங்கம். ஜாம் போத்தலில் திரியிட்ட விளக்கில் படித்தோம். கப்பல் வந்தால் மா வரும். வராவிட்டால் ஒடியலும் குரக்கனும் திரும்பிவந்தன. 'பழைய உணவுக்குத் திரும்புவோம்' என்று இன்று ஆரோக்கியத்தின் பெயரால் சொல்லப்படுவது அன்று முற்றுகையின் பெயரால் நடந்தது. அதே காலத்தில் புலிகளின் ஆட்சிப்பகுதிகளில் பேக்கரிகள் 'வெதுப்பகம்' ஆகின. சொல் தமிழாயிற்று, மா கப்பலையே பார்த்திருந்தது.

அக்காலத்திலும் கேக் நின்றுவிடவில்லை. அடியில் மணல் பரப்பிய பெரிய பானைக்குள் தட்டை வைத்து, மூடிமேல் தணல் கொட்டி, அயல்வீட்டு அம்மா ஒருவர் நத்தாருக்குக் கேக் வேகவைத்ததைக் கண்டிருக்கிறேன். மாஜரினுக்குப் பதில் தேங்காய் எண்ணெய். சீனிக்குப் பதில் பனங்கட்டி. அந்தச் செய்முறை எங்கும் எழுதப்படவில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் ஊரே பெயர்ந்தபோது அதுவும் அவருடன் பெயர்ந்தது.

5. பார்க்டேல்

1880களில், இப்போது நான் வாழும் பார்க்டேல் ரொறன்ரோவுக்கு மேற்கேயிருந்த தனிக் கிராமம். 1889இல் நகரத்துடன் இணைந்தது. அதன் கிழக்கே கிங் வீதியில் மாஸி குடும்பத்தின் தொழிற்சாலை 1879 முதல் பிரெய்ரிக் கோதுமையை அறுக்கும் இயந்திரங்களைச் செய்தது. 1980களில் நம்மவர் ஜேம்சன் அவெனியூவின் தொடர்மாடிகளில் குடியேறியபோது அந்த யுகம் முடிந்துகொண்டிருந்தது. பிறகு பலர் ஸ்காபரோவுக்கும் மார்க்கத்துக்கும் போயினர். எஞ்சியோருடன் 1990களின் இறுதியிலிருந்து திபெத்தியர் வந்து சேர்ந்தனர்.

இந்தத் தொடர்மாடிகளில் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அவண் இருக்கிறது. ஊரில் அவண் இல்லாத குசினிகளிலிருந்து வந்த பெண்கள் பலர் அதை முதலிற் சட்டிபானை வைக்கும் அலுமாரியாகவே பயன்படுத்தினர். மெல்ல மெல்ல அதே அவணில் றவைக் கேக் வேகத் தொடங்கியது. டிசெம்பரில் தாழ்வாரம் முழுக்கக் கறுவாவும் ஏலமும் மணக்கும். எங்கள் மாடியில் அக்கேக்கின் ஒரு துண்டு திபெத்திய வீட்டுக்குப் போகும். அவர்களது புத்தாண்டாகிய லோசருக்கு, மாவை முறுக்கிப் பொரித்த 'கப்சே' திரும்பி வரும். அதைத் தின்ற என் மனைவி சொன்னது: "இது எங்கட சீனி அரியதரத்தின்ர ஒன்றுவிட்ட சகோதரம்."

நான் வேலை செய்வது ஒரு பாண் தொழிற்சாலையில். இரவுப் பணியில், என்னைப்போன்ற அகதிகளும் குடியேறிகளும் நிற்கும் வரிசையில், குளூட்டன் வலுத்த மா இயந்திரத்தில் பிசைபட்டுப் பணிஸாகி ஓடுகிறது. அங்கே செய்முறை ஒரு கணினித்திரை. தொழிலாளிக்கு அது தெரியவேண்டியதில்லை. விடிய வீடு வந்தால், பகற்பணிக்குப் புறப்படும் முன் என் மனைவி அதே தானியத்தின் மாவை அவித்து வைத்திருப்பார். இங்கே செய்முறை அவரது கையில். ஒரே மாவில் இருவேறு உற்பத்தி உறவுகள். முதலாவதற்குக் கூலி உண்டு, அறிவு இல்லை. இரண்டாவதற்கு அறிவு உண்டு, கூலி இல்லை. பிட்டு மறைகிறது என்று மேடையில் கவலைப்படுவோர், அதை அதிகாலையில் யார், எந்தப் பணிக்கு முன் எழுந்து செய்வது என்ற கேள்வியையும் சேர்த்தே எழுப்ப வேண்டும். சீரியல் தின்னும் பிள்ளை பண்பாட்டைத் துறக்கவில்லை. அவனுடைய தாய்க்கு ஐந்தரை மணிக்குப் பேருந்து.

6. செய்முறையும் சான்றும்

உணவு ஒரு வரலாற்றுச் சான்றாக முடியும் என்பதை நாம் அறியாதவரல்ல. 2009 மேயில் முள்ளிவாய்க்காலில் அரிசி, நீர், உப்பு ஆகியவற்றாற் காய்ச்சிக் கொடுத்த கஞ்சி, ஒவ்வோராண்டும் ஊரிலும் இந்நகரிலும் நினைவாக வழங்கப்படுகிறது. 2024 மேயில் திருகோணமலை மாவட்டத்தின் சம்பூரில் அக்கஞ்சியை வழங்கியதற்காகப் பெண்கள் உட்படச் சிலர் கைதுசெய்யப்பட்டனர். மூன்று பொருள்கள் கொண்ட ஒரு செய்முறை, அதிகாரத்தை அஞ்சவைக்கும் ஆவணம் ஆகிவிட்டது.

அந்தக் கஞ்சிக்கு நாம் அளிக்கும் கவனத்தில் ஒரு பங்கை அவித்த மாவுக்கும், பானைக் கேக்குக்கும், பங்கீட்டுக் காலத்துப் பாணுக்கும் அளிக்கவேண்டும் என்பதே என் வாதம். ஜேம்சன் அவெனியூவின் மூதாட்டிகள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். 1953ஐ நினைவுள்ளோர் விரல்விட்டு எண்ணத்தக்கோர். இளையோரிடம் ஒலிப்பதிவுக் கருவி கையிலேயே இருக்கிறது. கேட்கவேண்டிய கேள்விகளோ எளியவை: எந்த ஆண்டு, எந்த மா, எங்கிருந்து வந்தது, யார் இடித்தது, வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிட்டது? அளவுகளுடன் இந்த விடைகளையும் எழுதினால் அது சமையற் குறிப்பாகவும் வரலாறாகவும் இருக்கும். எழுதியவற்றை இவ்விதழுக்கு அனுப்புமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். என் கூற்றுகளை மறுப்போரின் குரலும் அவற்றோடு சேர்ந்து வரட்டும்.