வெளிநாட்டுத் தீர்ப்புகளை ஏற்றலும் நிறைவேற்றலும்

வெளிநாட்டுத் தீர்ப்புகளை ஏற்றலும் நிறைவேற்றலும் என்பது ஒரு நாட்டின் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை வேறொரு நாட்டின் நீதிமன்றம் செல்லத்தக்கதாக ஒப்புக்கொண்டு, தேவையானபோது அதனைச் செயற்படுத்தும் சட்ட நடைமுறை ஆகும். இது தனியார் பன்னாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி. ஒரு நீதிமன்றத்தின் அதிகாரம் பொதுவாக அந்நாட்டின் எல்லைக்குள் அடங்கியது. சிங்கப்பூரில் கடன்பட்டவரின் சொத்துகள் சென்னையில் இருந்தால், சிங்கப்பூர் நீதிமன்றம் அவற்றை நேரடியாகப் பற்றுகை செய்ய இயலாது. வழக்கில் வென்றவர் இந்திய நீதிமன்றத்தை நாட வேண்டும்.

வேறுபாடு

ஏற்றல் என்பது ஒரு பிணக்கு ஏற்கெனவே முடிவு செய்யப்பட்டுவிட்டது என ஒப்புக்கொள்வது. நிறைவேற்றல் என்பது அம்முடிவை அரசின் அதிகாரத்தைக் கொண்டு செயற்படுத்துவது. ஏற்கப்படாத தீர்ப்பை நிறைவேற்ற முடியாது. ஆனால் ஏற்கப்படும் எல்லாத் தீர்ப்புகளுக்கும் நிறைவேற்றல் தேவைப்படுவதில்லை. மணமுறிவுத் தீர்ப்பு இதற்கு எடுத்துக்காட்டு.

இந்தியச் சட்டம்

இந்தியாவில் 1908 ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் இதனை ஒழுங்குபடுத்துகிறது. அதன் 13 ஆம் பிரிவின்படி, வெளிநாட்டுத் தீர்ப்பு அதே தரப்பினரிடையே நேரடியாக முடிவு செய்த விடயத்தில் இறுதியானது. பின்வரும் ஆறு நிலைகள் இதற்கு விலக்காகும்:

1. தீர்ப்பளித்த நீதிமன்றத்துக்கு உரிய அதிகார வரம்பு இல்லாமை.
2. வழக்கின் உண்மைகளையும் சான்றுகளையும் ஆராய்ந்து தீர்ப்பு அளிக்கப்படாமை.
3. பன்னாட்டுச் சட்டத்தைத் தவறாகக் கொண்டமை, அல்லது பொருந்தும் இடத்தில் இந்தியச் சட்டத்தை ஏற்க மறுத்தமை.
4. விசாரணை இயற்கை நீதிக்கு முரணாக நடந்தமை.
5. மோசடியால் தீர்ப்புப் பெறப்பட்டமை.
6. இந்தியாவில் நடைமுறையிலுள்ள சட்டத்தை மீறிய கோரிக்கையை ஆதரித்தமை.

நிறைவேற்றும் வழிகள்

இந்திய அரசு அறிவித்துள்ள பரிமாற்ற ஆட்சிப்பகுதிகளின் உயர்நிலை நீதிமன்றங்கள் பிறப்பிக்கும் பணத் தீர்ப்பாணைகளை, 44அ பிரிவின் கீழ், இந்திய மாவட்ட நீதிமன்றத்தில் நேரடியாகத் தாக்கல் செய்யலாம். அவை அந்த நீதிமன்றமே பிறப்பித்த ஆணைகளைப் போல நிறைவேற்றப்படும். வரி, அபராதம் ஆகியவற்றுக்கான தொகைகள் இதில் அடங்கா. ஐக்கிய இராச்சியம், சிங்கப்பூர், நியூசிலாந்து முதலியன இவ்வாறு அறிவிக்கப்பட்டவை. ஐக்கிய அரபு அமீரகம் 2020 சனவரியில் சேர்க்கப்பட்டது.

ஐக்கிய அமெரிக்கா இப்பட்டியலில் இல்லை. அத்தகைய நாடுகளின் தீர்ப்பைக் கொண்டு இந்தியாவில் புதிய வழக்குத் தொடர வேண்டும். 1963 ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, தீர்ப்பு நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் இவ்வழக்கைத் தொடர வேண்டும்.

மணமுறிவுத் தீர்ப்புகள்

இச்சட்டம் பொதுமக்களை நேரடியாகத் தொடும் இடம் குடும்ப வழக்குகளாகும். திருப்பதியில் திருமணம் செய்த ஒருவர், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் குறுகிய காலம் வசித்ததைக் காட்டி அங்கு மணமுறிவு பெற்றார். 1991 இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. அதிகார வரம்பும் மணமுறிவுக்கான காரணமும் தரப்பினர் எச்சட்டத்தின்படி மணந்தனரோ அச்சட்டத்துக்கு இசைவாக இருக்க வேண்டும் என்பது நீதிமன்றம் வகுத்த விதி. எதிர்த்தரப்பினர் தாமாக முன்வந்து அந்நீதிமன்ற அதிகாரத்துக்கு உட்பட்டு வழக்காடியிருந்தாலோ மணமுறிவுக்கு இசைந்திருந்தாலோ விலக்குண்டு. தொலைவிலிருக்கும் மனைவி, அயல்நாட்டில் வழக்காட வசதியின்றித் தன் உரிமையை இழப்பதை இத்தீர்ப்பு தடுக்கிறது. அதேவேளை, ஒரு நாட்டில் மணமுறிவு பெற்றவர்கள் மற்றொரு நாட்டில் தம்பதியராகவே கருதப்படும் நிலையும் இதனால் ஏற்படக்கூடும்.

பன்னாட்டு உடன்படிக்கைகள்

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிடையே, 2015 சனவரி முதல் நடைமுறையிலுள்ள பிரசெல்சு ஒழுங்குவிதியின்படி, பெரும்பாலான உரிமையியல், வணிகத் தீர்ப்புகளை நிறைவேற்றத் தனி அனுமதி ஆணை தேவையில்லை. உலகளவில் 2019 சூலை 2 இல் ஏற்கப்பட்ட ஏகு தீர்ப்புகள் உடன்படிக்கை 2023 செப்டம்பர் 1 இல் நடைமுறைக்கு வந்தது. குடும்பச் சட்ட விடயங்கள் அதன் வரம்புக்குள் வரமாட்டா. நடுவர் தீர்ப்புகளுக்கு 1958 ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கை தனியாக உள்ளது.