தாத்தாவின் ஒரு கன்னம்

இந்த எபிசோட் கொஞ்சம் வீட்டு விஷயத்துல ஆரம்பிக்கும், பொறுத்துக்கோங்க.

என் தாத்தா பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர். அவர் ஷேவ் பண்ணும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது சின்ன வயசில் எனக்குப் பெரிய பொழுதுபோக்கு. வலது கன்னம் முழுக்க சோப்பு நுரை. இடது கன்னத்தில் ஓரமா கொஞ்சம்தான். அங்கே ஒரு உள்ளங்கை அகலத்துக்கு முடியே முளைக்காது. தோல் வழவழன்னு, கொஞ்சம் கறுத்து இருக்கும். கேட்டால், "அங்க கரண்ட் வச்சாங்கடா" என்பார். ரொம்ப நாள் அது நம்ம வீட்டு கரண்ட்தான்னு நினைச்சுட்டு இருந்தேன்.

1978-ல் அவருக்குக் கன்னத்தின் உள்பக்கம் புற்றுநோய். வெற்றிலையும் புகையிலையும் இருபது வருஷப் பழக்கம். திருச்சியில் பார்த்த டாக்டர் அடையாறுக்குப் போகச் சொன்னார். ரயில்வே பாஸ் இருந்தது. பாட்டியோடு எழும்பூருக்கு ரயில் ஏறியவர், இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். அதுக்கப்புறம் முப்பது வருஷம் இருந்தார்.

போன தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் பண்ணும்போது ஒரு தகர டிரங்குப் பெட்டியில் அவருடைய பழைய சீட்டு ஒன்று கிடைத்தது. அதில் யாரோ ஒரு டாக்டர் பேனாவில் எழுதியிருந்தது இரண்டே சொல்: கோபால்ட், பிளியோ. நடுவில் ஒரு கூட்டல் குறி. அந்தக் கூட்டல் குறி எங்கிருந்து வந்தது, இன்னைக்கு எங்கே போய் நிக்குதுன்னு தேடினதுதான் இந்த எபிசோட்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நமக்குப் பக்கத்து ஊர், புதுக்கோட்டைக்காரர். 1923-ல் தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் நினைத்தது நடக்க முப்பது வருஷம் ஆனது. 1954-ல் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே இருந்தார். அடுத்த வருஷம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். 1957-ல் கனடாவிலிருந்து கோபால்ட்-60 கதிர்வீச்சு இயந்திரம் வந்தது. ஆசியாவிலேயே முதல் இயந்திரம் அதுதான் என்பது அந்த மருத்துவமனையின் பெருமை. பெல் ஃபேக்டரிப் பக்கம் வளர்ந்தவங்களுக்கு இது புரியும்: பாய்லர் வெல்டிங்கில் உள்ளே விரிசல் இருக்கான்னு பார்க்க விடுற காமா கதிர் இருக்கே, அதே குடும்பம்.

கதிர் என்ன பண்ணுது? செல்லுக்குள் இருக்கிற டிஎன்ஏ இழையை வெட்டுது. வெட்டுப்பட்டது திரும்ப ஒட்டிக்காமல் இருக்க ஆக்சிஜன் தேவை. நம்ம ஊர் வாய்ப்புற்று நோயாளிகள் ஆஸ்பத்திரிக்கு வரும்போதே கட்டி பெரிசா இருக்கும். பெரிய கட்டியின் நடுப்பகுதிக்கு ரத்தம் சரியாகப் போகாது, ஆக்சிஜன் இருக்காது, அதனால் கதிருக்கு அடங்காது. சரி, டோஸைக் கூட்டலாமே? கூட்டினால் கன்னமும் தாடையும் சேர்ந்து வெந்துபோகும்.

அதனால்தான் கூட வேறொன்றைச் சேர்த்துப் பார்த்தார்கள். கன்னப் புற்றுக்கான இந்தக் கூட்டுச் சிகிச்சை பற்றி கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் 1971-லேயே 'ரேடியாலஜி' இதழில் எழுதியிருக்கிறார்கள். பிறகு பிளியோமைசின் வந்தது. ஜப்பானில் உமெசாவா என்பவர் ஒரு மண் நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுத்த மருந்து. இதுவும் டிஎன்ஏவை வெட்டுவதுதான். கதிர்வீச்சோடு இதைச் சேர்த்துக் கொடுத்த சோதனையை 1977-லும் 1980-லும் 'கிளினிக்கல் ரேடியாலஜி'யில் வெளியிட்டார்கள். கதிர் மட்டும் பெற்றவர்களைவிட இரண்டும் பெற்றவர்களுக்குக் கட்டி நன்றாகவே கரைந்தது. ஒண்ணு மறைக்காம சொல்லணும்: பின்னாடி ஐரோப்பாவில் தொண்டைப் பகுதிப் புற்றுக்கு இதே சேர்க்கையை முயன்றபோது பலன் தெரியவில்லை. இன்று அந்த இடத்தில் சிஸ்பிளாட்டின் இருக்கிறது. ஆனா, சேர்த்துக் கொடுக்கலாம்ங்கிற யோசனை நிலைச்சுருச்சு.

தாத்தா சிகிச்சை முடிந்து வந்த சமயம், 1979-ல், அமெரிக்காவில் ஹூஸ்டனில் ஸ்டோன், பீட்டர்ஸ், மிலாஸ் என்ற மூன்று பேர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நோய் எதிர்ப்புக்கான டி செல்கள் இல்லாத எலிக்குக் கட்டியைக் கரைக்க, சாதாரண எலிக்குத் தேவைப்பட்டதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கதிர்வீச்சு தேவைப்பட்டது. அதாவது, கதிர் தனியா ஜெயிக்கல. பாதி வேலையை உடம்பே பார்த்திருக்கு. எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடிச்ச சோதனை இதுதான். ஆனால் அப்போது இதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

இதுக்கு முன்னாடியும் துப்பு இருந்தது. 1891-ல் நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற சர்ஜன், புற்றுநோயாளிகளின் உடம்பில் வேண்டுமென்றே பாக்டீரியாவைச் செலுத்தினார். காய்ச்சல் வரவேண்டும், காய்ச்சலோடு கட்டியும் கரையவேண்டும் என்பது கணக்கு. சிலருக்குக் கரைந்தது. 1953-ல் மோல் என்ற பிரிட்டிஷ் டாக்டர், உடம்பில் ஓரிடத்தில் கதிர் வைத்தால் தொலைவில் வேறோர் இடத்திலும் விளைவு தெரிவதற்கு 'அப்ஸ்கோபல்' என்று பெயர் வைத்தார். பேர் வச்சாச்சு, ஆனா அபூர்வமா எப்பவாவதுதான் நடக்கும்.

ஏன் அபூர்வம்? டி செல்லுக்கு பிரேக் இருக்கு. புற்றுநோய் அந்த பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. அந்த பிரேக்கை விடுவிக்கலாம் என்று காட்டியதற்குத்தான் ஆலிசனுக்கும் ஹோஞ்சோவுக்கும் 2018-ல் நோபல் கிடைத்தது. ஒர்க் ஷாப் பாஷையில் சொன்னா, பிரேக்கை எடுத்தா மட்டும் வண்டி நகராது, எஞ்சின் இழுக்கணும். கதிர் பட்டு உடைந்த புற்று செல்லின் துண்டுகளைப் பார்த்துத்தான் டி செல் எதிரியை அடையாளம் கண்டுகொள்கிறது. 2012-ல் நியூயார்க்கிலிருந்து ஒரு பெண்ணின் கேஸ் வெளியானது. அவருக்கு மெலனோமா. பிரேக் எடுக்கும் மருந்து போய்க்கொண்டிருந்தது, நோய் அடங்கவில்லை. முதுகெலும்புப் பக்கத்துக் கட்டிக்கு மட்டும் கதிர் வைத்தார்கள். கதிர் படாத மண்ணீரல் கட்டிகளும் சுருங்கின.

அவ்வளவுதான், உலகம் முழுக்க எல்லாத்தையும் எல்லாத்தோடயும் சேர்க்க ஆரம்பிச்சாங்க. இங்கதான் கதை சுவாரஸ்யம். நுரையீரல் புற்றில் கதிரும் கீமோவும் முடிந்த பிறகு துர்வாலுமாப் கொடுத்ததில், ஐந்து வருஷம் உயிரோடு இருந்தவர்கள் 33.4 சதவீதத்திலிருந்து 42.9 ஆனார்கள். தலை, கழுத்துப் புற்றில் அவெலுமாபைக் கதிர்வீச்சின் கூடவே கொடுத்தார்கள், 697 பேருக்கு நடந்த சோதனை. பலன் பூஜ்யம். என்னை மாதிரி கோடு எழுதுறவனுக்கு இது 'ரேஸ் கண்டிஷன்' மாதிரி தெரியுது: இரண்டு வேலையும் சரி, வரிசை தப்பு. டி செல் பாடம் கற்கும் இடம் கழுத்து நிணக்கட்டிகள். கழுத்துக்குக் கதிர் வைத்தால் அந்தப் பள்ளிக்கூடமே எரிந்துபோகிறது என்பது ஒரு விளக்கம். 2025-ல் வெளியான சோதனையில் பெம்ப்ரோலிசுமாபை அறுவைக்கு முன்பே தொடங்கி, பிறகு கதிரோடும் தொடர்ந்தார்கள். நோய் திரும்பாமல் இருந்த காலத்தின் இடைநிலை அளவு 30.4 மாதத்திலிருந்து 51.8 ஆனது. ஆனா கருப்பைவாய்ப் புற்றில் கூடவே கொடுத்தும் பலன் வந்திருக்கு. அதனால என் ரேஸ் கண்டிஷன் தியரியை ரொம்ப நம்பாதீங்க.

காசு விஷயத்துக்கு வர்றேன். இந்த மருந்துகளை முழு அளவில் வாங்க ஒரு ஃபிட்டரின் பென்ஷன் பத்தாது, ஒரு சாஃப்ட்வேர் சம்பளமும் பத்தாது. மும்பை டாட்டா மருத்துவமனை டாக்டர்கள் முற்றிய தலை, கழுத்துப் புற்றில், வழக்கமா 240 மில்லிகிராம் போடுற நிவோலுமாபை வெறும் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். 151 பேர். மலிவான மாத்திரைகளோடு இதையும் சேர்த்தபோது, ஒரு வருஷம் தாண்டியவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 ஆனார்கள். அது கதிரில்லாத சேர்க்கை. இதே சின்ன டோஸைக் கதிரோடு எந்த வரிசையில் சேர்க்கலாம் என்பதை, கம்பெனிகள் தங்கள் காசில் சோதித்துப் பார்க்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. பன்னிரண்டில் ஒரு பங்கு மருந்து விற்க யார் செலவு பண்ணுவாங்க? 1970-களில் அடையாறில் நடந்த மாதிரி, நோயாளியைத் தினமும் பார்க்கிற டாக்டர்கள்தான் இதைக் கேட்கணும்.

அந்தச் சீட்டைப் பாட்டிகிட்ட காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. கோபால்ட் புரிஞ்சுது, பிளியோன்னா என்னன்னு கேட்டாங்க. ஊசி மருந்துன்னு சொன்னேன்.

"அந்த ஊசியா? அது போட்ட அன்னைக்கெல்லாம் ராத்திரி காய்ச்சல் அடிக்கும். போர்வையைப் போர்த்திவிட்டுப் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்."