பிரசவத்துக்குப் பிறகு முகத்தில் மங்கு: தானாக மறையுமா? மெடிக்கல் ஷாப் க்ரீமில் என்ன ஆபத்து?

குழந்தை பிறந்து மூன்று, நான்கு மாதம் ஆனபிறகுதான் பல அம்மாக்களுக்குக் கண்ணாடியை நிதானமாகப் பார்க்கவே நேரம் கிடைக்கிறது. பார்த்தால் இரண்டு கன்னத்திலும், நெற்றியிலும், மேலுதட்டுக்கு மேலேயும் பழுப்பு நிறத்தில் திட்டுத் திட்டாக ஒரு கருமை. வலி இல்லை, அரிப்பு இல்லை, தடவிப் பார்த்தால் மேடுபள்ளமும் தெரியாது. ஊரில் இதற்கு மங்கு என்று பெயர். டாக்டர்கள் மெலாஸ்மா என்பார்கள்.

வீட்டில் உடனே யோசனைகள் வரிசை கட்டும். "எலுமிச்சம்பழம் தேய்ச்சுப் பாரு", "கஸ்தூரி மஞ்சள் போடு", "என் நாத்தனார் ஒரு க்ரீம் போட்டா, ரெண்டே வாரத்துல போயிடுச்சு". கடைசியாகச் சொன்ன அந்த க்ரீம்தான் கவனிக்க வேண்டியது. மங்கு உடம்புக்கு ஆபத்தில்லாத விஷயம். பிரசவத்துக்குப் பிறகு பலருக்கும் தானாகவே வெளிறிவிடும். ஆனால் அதை அவசரமாகப் போக்க, டாக்டரைக் கேட்காமல் வாங்கிப் போடும் சில க்ரீம்கள் முகத்தில் நிரந்தரத் தழும்பைப் போட்டுவிட்டுப் போகும்.

ஏன் வருகிறது?

தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்கள் பல மடங்கு கூடுகின்றன. மெலனினைத் தயாரிக்கும் செல்களை இவை முடுக்கிவிடுகின்றன. மார்புக் காம்பைச் சுற்றிக் கருப்பது, தொப்புளுக்குக் கீழே நேர்கோடாக ஒரு கருங்கோடு விழுவது எல்லாம் இதே காரணத்தால்தான். முகத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு பிரச்சினை, வெயில். ஏற்கெனவே முடுக்கிவிடப்பட்ட செல்கள் மீது வெயில் படும்போது மெலனின் தேவைக்கு மேல் சுரந்து, கன்னம், நெற்றி, மூக்கு, மேலுதடு, தாடை என்று அதிகம் வெயில் படும் இடங்களில் தேங்குகிறது. அம்மாவுக்கோ அக்காவுக்கோ மங்கு இருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். மாநிறமும் அதைவிடக் கருத்த நிறமும் உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வரும். அதனால் நம்மூரில் இது மிகச் சாதாரணம்.

'முகம் கறுத்தா ஆண் குழந்தை' என்று ஒரு கணக்கு சொல்வார்கள். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்பதற்கும் மங்குக்கும் சம்பந்தமே இல்லை.

தானாகப் போகுமா?

பெரும்பாலானவர்களுக்குப் போகும். பிரசவமாகி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பத் திரும்ப, சில மாதங்களில் இருந்து ஒரு வருடத்துக்குள் கருமை மெல்ல வெளிறும். 'மெல்ல' என்பதுதான் முக்கியம். ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. மாதம் ஒருமுறை, ஒரே ஜன்னல் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து வைத்தால் வித்தியாசம் புரியும். ஒரு பகுதியினருக்கு மட்டும் வருடக்கணக்கில் நிற்கும். தினமும் வெயிலில் வேலை செய்பவர்கள், ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், குடும்பத்தில் மங்கு உள்ளவர்கள் இதில் அதிகம்.

கருத்தடை மாத்திரையால் மங்கு கூடுவதாகத் தோன்றினால், அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் காப்பர்-டி மாதிரி ஹார்மோன் இல்லாத முறைக்கு மாற்றித் தருவார்கள்.

முதலில் அது மங்குதானா என்று தெரிய வேண்டும். பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் துணி மாதிரித் தடித்துக் கருத்திருந்தால் அது மங்கு இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். தேய்த்துக் குளித்தாலும் அது போகாது. குறிப்பாகக் கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்தவர்கள், பிரசவமான ஆறு வாரம் கழித்துச் செய்ய வேண்டிய சர்க்கரைப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. ஹேர் டை போட ஆரம்பித்தபிறகு நெற்றி ஓரமும் காது பக்கமும் கருத்தால் அது அலர்ஜியாக இருக்கலாம். முகத்தோடு வாய்க்குள்ளும் உள்ளங்கை ரேகைகளிலும் கருமை, கூடவே கடும் சோர்வு, எடை குறைவு என்றால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அந்த 'ரெண்டு வாரத்து' க்ரீமில் என்ன இருக்கிறது?

மெடிக்கல் ஷாப்பில் போய் "மங்குக்கு க்ரீம் குடுங்க" என்று கேட்டால், பெரும்பாலும் கையில் வருவது மூன்று மருந்துகள் கலந்த ஒரு ட்யூப். நிறத்தைக் குறைக்க ஹைட்ரோகுவினோன், மேல்தோலை வேகமாகப் புதுப்பிக்க ட்ரெட்டினாயின், இவை இரண்டாலும் வரும் எரிச்சலை அடக்க ஒரு ஸ்டீராய்டு. அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் க்ளிக்மனும் வில்லிஸும் 1975-ல் வெளியிட்ட ஃபார்முலாவில் இருந்து வளர்ந்ததுதான் இந்தக் கூட்டு. போலி மருந்து கிடையாது. தோல் டாக்டரே எழுதிக்கொடுத்து, இரவில் மட்டும், சில வாரங்களுக்கு மட்டும், இடையிடையே பார்த்துக்கொண்டே போடவைக்கும் மருந்து இது. பிரச்சினை என்னவென்றால், நம்மூரில் இதை ஃபேர்னஸ் க்ரீம் மாதிரி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் போடுகிறார்கள்.

ஸ்டீராய்டு போட்ட முதல் இரண்டு, மூன்று வாரம் முகம் பளிச்சென்று ஆகும். காரணம், தோலில் உள்ள ரத்தக்குழாய்களை அது சுருக்குகிறது. நிறம் உருவாவதையும் தற்காலிகமாக அடக்குகிறது. இந்தப் பளபளப்பைப் பார்த்துத்தான் நாத்தனார் சிபாரிசு செய்கிறார். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து போகும். சிவப்பு நூல் மாதிரி ரத்தக்குழாய்கள் வெளியே தெரியும். பரு வரும், கன்னத்தில் முடி வளரும், வெயிலில் போனாலே முகம் எரியும். பயந்துபோய் க்ரீமை நிறுத்தினால் முகம் சிவந்து, அரித்து, மங்கு பழையதைவிடக் கருப்பாகத் திரும்பி வரும். மறுபடி போட்டால் அடங்கும். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டாயிற்று. இந்த நிலைக்குத் தோல் மருத்துவர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்: ஸ்டீராய்டால் சேதமான முகம்.

ஹைட்ரோகுவினோனை மட்டும் எடுத்துக்கொண்டாலும், டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் நெடுநாள் போட்டவர்களில் சிலருக்குக் கன்னத்தில் நீலம் கலந்த கருப்புப் புள்ளிகள் விழுந்துவிடும். அதைக் குணப்படுத்துவது மிகக் கடினம். ஐரோப்பிய ஒன்றியம் 2001-லேயே தோலை வெளுக்கும் அழகு க்ரீம்களில் ஹைட்ரோகுவினோனுக்குத் தடை போட்டதற்கு இந்த மாதிரி பாதிப்புகளும் காரணம்.

தோலில் தடவும் 14 வகை ஸ்டீராய்டுகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியை மாற்றியது. அப்படியும் கடைகளில் கேட்டவுடன் கிடைக்கத்தான் செய்கிறது. நீங்கள் செய்யக்கூடியது, ட்யூபைத் திருப்பிப் பார்ப்பது. பக்கவாட்டில் சிவப்புக் கோடும் 'ஆர்எக்ஸ்' குறியும் இருந்தால் அது அழகு க்ரீம் இல்லை, மருந்து. மூலப்பொருள் பட்டியலில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் என்ற பெயர்களில் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு.

ஏற்கெனவே பல மாதமாகப் போட்டுக்கொண்டிருக்கிறீர்களா? நீங்களாக வைத்தியம் செய்துகொள்ளாமல், அந்த ட்யூபோடு தோல் டாக்டரிடம் போங்கள். படிப்படியாக விடவைப்பார்கள்.

இன்னொரு வகை, லேபிளே சரியாக இல்லாத க்ரீம்கள். ஆன்லைனிலும், ஃபேன்ஸி ஸ்டோரிலும், வெளிநாட்டில் இருந்து வருபவர்கள் கையிலும் கிடைப்பவை. இவற்றில் சிலவற்றில் மெர்குரி, அதாவது பாதரசம் இருக்கும். கேரளாவின் மலப்புரத்தில் 2023-ல், சிறுநீரில் புரதம் கசிந்து, உடம்பு வீங்கி வந்த நோயாளிகளை விசாரித்ததில் பலர் இத்தகைய ஃபேர்னஸ் க்ரீம் போட்டவர்கள் என்று தெரிந்தது. பாதரசம் போட்டவரோடு நிற்காது. துண்டு, தலையணை, அம்மா கன்னம் வழியாகக் குழந்தைக்கும் போகும். தயாரிப்பாளர் முகவரி இல்லாத க்ரீமை, எவ்வளவு பிரியமானவர் வாங்கி வந்தாலும், திறக்காமல் வைத்துவிடுவது நல்லது.

பால் கொடுக்கும் அம்மா என்ன செய்யலாம்?

முதல் சிகிச்சை, வெயிலைத் தடுப்பது. இதைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் செலவழித்து எந்த க்ரீம் போட்டாலும் பலன் நிற்காது. எஸ்பிஎஃப் 30-க்கு மேல் உள்ள சன்ஸ்க்ரீன், ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வரும் அளவு, முகத்துக்கும் கழுத்துக்கும். பலர் பட்டாணி அளவு போட்டுவிட்டு 'சன்ஸ்க்ரீன் வேலை செய்யல' என்கிறார்கள். வெளியில் இருந்தால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும்.

சாதாரண சன்ஸ்க்ரீன் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும். ஆனால் மாநிறத் தோலில் கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் மங்கைத் தூண்டும். அதைத் தடுக்க அயர்ன் ஆக்ஸைடு கலந்த, தோல் நிறத்திலேயே வரும் 'டின்டட்' சன்ஸ்க்ரீன் நல்லது. ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டையாக்ஸைடு உள்ளவை பால் கொடுப்பவர்களுக்கும் பயமில்லாதவை. வாங்க வசதி இல்லையா, குடையும் துப்பட்டாவும் போதுமான அளவு காப்பாற்றும். வண்டி ஓட்டும்போது ஹெல்மெட் கண்ணாடியை மட்டும் நம்ப வேண்டாம். செல்போன் வெளிச்சத்தால் மங்கு வருமோ என்ற பயம் தேவையில்லை. சூரிய வெளிச்சத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

பச்சைக் குழந்தையைக் காலை வெயிலில் காட்டும் வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். குழந்தையோடு சேர்ந்து தினமும் அரை மணி நேரம் அம்மாவின் முகத்திலும் அந்த வெயில் விழுகிறது. (குழந்தையின் மஞ்சள் காமாலைக்கு வெயில் சிகிச்சை கிடையாது, டாக்டரிடம்தான் காட்ட வேண்டும், அது தனிக் கதை.) அடுப்பனலும் சிலருக்கு மங்கைக் கூட்டும், ஆனால் பிரசவமான வீட்டிலும் அடுப்படியை விட்டு ஒதுங்கி இருங்கள் என்று சொல்வது சுலபம், நடப்பது கஷ்டம். சமையலறை ஜன்னலைத் திறந்து வைப்பதாவது நடக்கட்டும்.

மருந்து என்று பார்த்தால், அசெலாயிக் ஆசிட் க்ரீமைக் கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும்போதும் டாக்டர்கள் தருகிறார்கள். உடம்புக்குள் மிகக் குறைவாகத்தான் போகும். ஆரம்பத்தில் லேசாக அரிக்கும், பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். நியாசினமைட், வைட்டமின் சி சீரம் போன்றவையும் பயன்படுத்தலாம். ஹைட்ரோகுவினோன் மட்டும் தடவியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ரத்தத்தில் கலந்துவிடுவதால், பால் கொடுத்து முடியும் வரை தள்ளிப்போடச் சொல்வார்கள். எதைத் தடவினாலும் குழந்தையின் கன்னம் உங்கள் கன்னத்தில் உரசும் என்பது நினைவில் இருக்கட்டும். மார்புக் காம்பின் கருமைக்கு எதையும் போடக் கூடாது. குழந்தை வாய் வைக்கும் இடம் அது.

டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை பற்றி இப்போது நிறைய வீடியோக்கள் வருகின்றன. ரத்தப்போக்கை நிறுத்தத் தரும் மருந்து இது. குறைந்த அளவில் மங்குக்கும் பலன் தருகிறது, உண்மைதான். ஆனால் ரத்தம் உறைவதை ஊக்குவிக்கும் குணம் உண்டு. பிரசவமான முதல் ஆறு வாரத்தில் காலில் ரத்தக்கட்டு வரும் அபாயம் இயல்பாகவே அதிகம். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையும் அதைக் கூட்டும். வீடியோ பார்த்து வாங்கிச் சாப்பிடுகிற மாத்திரை இது இல்லை.

லேசர், பீலிங் எல்லாம் கடைசிக் கட்டம். நம் நிறத் தோலில் கொஞ்சம் அதிகமாகப் போனாலும் சுட்ட இடம் முன்னைவிடக் கருக்கும். பார்லரில் செய்துகொள்ளவே வேண்டாம்.

எலுமிச்சையைத் தேய்த்துவிட்டு வெயிலில் போனால் தோல் வெந்து கொப்புளித்து, அந்த இடம் புதிதாகக் கருக்கலாம். டூத் பேஸ்ட், பேக்கிங் சோடாவும் எரிச்சலைத்தான் தரும், எரிச்சல் பட்ட இடத்தில் மங்கு கூடும். கற்றாழை, தயிர், கடலைமாவு பெரும்பாலும் கெடுதல் செய்யாது, மங்கையும் போக்காது.

அடுத்த குழந்தை வரும்போது மங்கும் திரும்ப வர வாய்ப்பு உண்டு. அதனால் கர்ப்பம் உறுதியான நாளில் இருந்தே சன்ஸ்க்ரீனை ஆரம்பித்துவிடலாம். ஒரு வருடம் தாண்டியும் கருமை அப்படியே இருந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவின் ஓபி இருக்கிறது. போகும்போது, இதுவரை போட்ட எல்லா க்ரீம்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பால் கொடுக்கிறீர்கள் என்பதை டாக்டர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.