வீட்டுச் சுவர்களும் ஸ்நேர் டிரம்மும்

இரு பக்கமும் தோல் போர்த்தி, அடிப்பக்கத் தோலைத் தொட்டபடி எஃகுச் சுருள்கம்பிகள் கட்டப்பட்ட ஆழம் குறைந்த முரசே ஸ்நேர் டிரம்; பள்ளி அணிவகுப்புகளில் சைடு டிரம் என்ற பெயரில் தோளில் தொங்கும் கருவியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. குச்சி மேல்தோலில் விழுந்ததும் உள்ளிருக்கும் காற்று கீழ்த்தோலைத் தள்ள, கம்பிகள் தோலில் மோதி எழுப்பும் சரசரப்பு அடியின் ஓசையோடு சேர்ந்துகொள்கிறது. ஆனால் இசைத்தட்டில் ஒலிக்கும் ஸ்நேரை இக்கருவி மட்டும் உண்டாக்குவதில்லை. அடிக்கப்பட்ட அறை, மைக் நின்ற தூரம், பதிவுக்குப் பின் செய்யப்பட்ட மாற்றங்கள் ஆகிய மூன்றும் அதில் பங்கு கொள்கின்றன. வீட்டிலேயே ஒலிப்பதிவுக்கூடம் அமைத்துக்கொள்வோர் மைக்குக்கும் மென்பொருளுக்கும் தரும் கவனத்தில் பாதியைக்கூட அறைக்குத் தருவதில்லை என்பதால், ஸ்நேர் பதிவின் வரலாற்றில் அறையின் பங்கைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மின்சார மைக் வருவதற்கு முன்பு, கலைஞர்கள் பெரிய ஒலிக்குழல் ஒன்றின் முன் நின்று வாசிக்க, அதனுள் புகுந்த ஒலியின் அழுத்தமே ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் தடம் கீறியது. பலத்த அடி விழுந்தால் ஊசி தடம் விட்டுத் துள்ளிவிடும். ஆகவே 1923இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் கிங் ஆலிவரின் ஜாஸ் குழு ஜெனட் நிறுவனத்துக்காகப் பதிவு செய்தபோது, பேபி டாட்ஸ் போன்ற தேர்ந்த டிரம் கலைஞர்கூடப் பெரும்பாலும் மரக்கட்டைகளைத் தட்டியே தாளம் கொடுக்க நேர்ந்தது. அக்காலத் தட்டுகளை மட்டும் கேட்டு அன்றைய டிரம் வாசிப்பை மதிப்பிடுவது பெரும் பிழை. 1925இல் மின்வழிப் பதிவு வந்தபின் இந்தத் தடை தளர்ந்தது.

1950களின் பிற்பகுதியில் கன்றுத்தோலுக்குப் பதிலாக மைலார் என்னும் பிளாஸ்டிக் தோல் வந்து, ஈரக்காற்றில் தொய்ந்துபோகும் தொல்லையை நீக்கியது. 1965இல் ஷ்யூர் நிறுவனம் வெளியிட்ட எஸ்எம்57 மைக், விலை குறைந்ததாகவும் அடிபட்டாலும் தாங்குவதாகவும் இருந்ததால், ஸ்நேரின் விளிம்புக்குச் சற்று மேலே சாய்த்து வைக்கும் மைக்காக இன்றுவரை நிலைத்துவிட்டது. ஒவ்வொரு கருவியையும் தனித் தடத்தில் பதிந்து, பின்னர் அளவு பார்த்துக் கலக்கும் பல்தட முறை பரவியதும், முரசுக்கு ஒரு மைக் என நெருக்கி வைத்து, அறையின் ஒலி உள்ளே வராமல் காப்பதே தொழில்நேர்த்தி எனக் கருதப்பட்டது. 1970களில் சுவரை மெத்தையிட்டு மூடியதோடு நில்லாமல், தோலின்மேல் துண்டையும் ஒட்டுநாடாவையும் போட்டு அதிர்வையும் அடக்கினார்கள்.

இந்தப் போக்குக்கு நேர்மாறான ஒலி, ஒலிப்பதிவுக்கூடம் அல்லாத ஒரு வீட்டில் பிறந்தது. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில், 1795இல் ஏழைகள் விடுதியாகக் கட்டப்பட்டுப் பின்னர் தனியார் வீடாகிய ஹெட்லி கிரேஞ்சில், லெட் செப்பலின் குழு 1970-71 குளிர்காலத்தில் தங்கித் தன் நான்காம் தொகுப்புக்கான பாடல்களைப் பதிந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் பதிவு வண்டி வெளியே நிற்க, பொறியாளர் ஆண்டி ஜான்ஸ், குழுவின் டிரம் கலைஞர் ஜான் பானமின் டிரம் தொகுதியை உயர்ந்த படிக்கட்டின் அடியில் வைக்கச் செய்து, பேயர்டைனமிக் எம்160 ரிப்பன் மைக்குகள் இரண்டை மட்டும் மாடியிலிருந்து தொங்கவிட்டார். ஸ்நேருக்கென்று தனி மைக் கிடையாது. உரத்த ஒலியைத் தாழ்த்தி, அதைத் தொடரும் மெல்லிய ஒலியை முன்னே கொண்டுவரும் கம்பிரஸர் என்ற கருவியின் வழியே அந்த மைக்குகளின் ஒலி சென்றபோது, படிக்கட்டுச் சுவர்களில் பட்டுத் திரும்பிய ஒலி அடிக்கு இணையாகப் பெருகியது. ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ பாடலின் முதல் சில நொடிகளிலேயே இதைத் தெளிவாகக் கேட்கலாம். டிரம் பதிவு வரலாற்றில் இதைவிடத் துணிச்சலான முடிவு அரிது.

அடுத்த திருப்பம் லண்டனின் டவுன்ஹவுஸ் கூடத்தில், கல் பதித்த அறையொன்றில் நேர்ந்தது. கலைஞர்கள் பேசுவதைப் பொறியாளர் கேட்பதற்காகவே அங்கு தொங்கிய மைக்கின் ஒலி, கடுமையான கம்பிரஸர் ஒன்றின் வழியாக வந்தது. 1980இல் வெளியான பீட்டர் கேப்ரியலின் மூன்றாம் தொகுப்புக்கான பதிவின்போது பில் காலின்ஸ் டிரம் வாசிக்க, அந்த மைக்கில் வந்த முழக்கத்தைக் கேட்ட பொறியாளர் ஹ்யூ பாட்ஜம் அதையே பதிவுக்கு எடுத்துக்கொண்டார். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கிய ஒலியை அடைத்துவிடும் நாய்ஸ் கேட் கருவியால் அந்த முழக்கம் சட்டென்று வெட்டப்பட, பத்தாண்டுக் காலப் பாடல்களை ஆண்ட ஸ்நேர் ஒலி உருவாயிற்று. விரைவில் அதே விளைவை ஒரு பொத்தானில் தரும் மின்னணுக் கருவிகளும் கடைக்கு வந்துவிட்டன.

1979இல் டியாக் நிறுவனத்தின் போர்ட்டாஸ்டுடியோ 144, சாதாரண கேசட்டில் நான்கு தடங்களைப் பதியும் வசதியைத் தந்தபோது வீட்டுப் பதிவு எளியோருக்கும் எட்டியது. கணினி வந்தபின் தடங்களுக்குப் பஞ்சமே இல்லாமல் போயிற்று. ஆனால் தாழ்ந்த கூரையும் எதிரெதிர்ச் சுவர்களும் கொண்ட படுக்கையறையில் ஒலி உடனே திரும்பி வந்து, ஸ்நேருக்குப் பெட்டிக்குள் அடித்தது போன்ற தன்மையைத் தருகிறது. இதனாலேயே வீட்டில் பதிவோர் மைக்கை நெருக்கி வைத்து, அறையை அடக்கி, பிறகு மென்பொருளில் வேறோர் அறையின் எதிரொலியைச் சேர்க்கிறார்கள். கம்பிகளின் சரசரப்புக்காகக் கீழேயும் ஒரு மைக் வைக்கும்போது, மேல்தோல் தன் மைக்கை விட்டு விலகும் அதே கணத்தில் கீழ்த்தோல் தன் மைக்கை நெருங்குவதால், இரு ஒலிகளும் ஒன்றையொன்று தின்றுவிடும். மிக்ஸிங்கில் கீழ் மைக்கின் துருவத்தைத் திருப்பிய பிறகே அடியின் கனம் திரும்பி வரும். எஸ்எம்57 ஒன்றை வைத்திருப்பவர், அடுத்த மைக் வாங்குவதற்கு முன் டிரம்மைத் தூக்கிச் சென்று கூடத்திலும் நடையிலும் மாடிப்படியின் அடியிலும் வைத்து அடித்துக் கேட்பதே முதலில் செய்ய வேண்டிய வேலை.